மூன்று கிலோ எங்கே போகிறது?

வண்டி பேசும் என்று விற்ற ஆள் சொல்லியிருந்தான். எதிர்த்துப் பேசும் என்று சொல்லவில்லை.

அன்று காலை பிரிட்ஜ் மெக்கானிக் தன் அக்காவைப் பின் சீட்டில் உட்காரவைத்து, முதுகுக்குத் தலையணை அண்டக் கொடுத்து, ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினான். நாற்சந்தி வரைக்கும் நல்ல பிள்ளையாக வந்த வண்டி அங்கே சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டது. சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு பெண் குரல் தேனொழுகப் பேசியது.

“அன்பான சாலைப் பயனாளரே, உங்கள் வண்டியின் கனத்தில் எங்களுக்கு ஐயம் எழுந்துள்ளது. ஐயம் தீரும்வரை இந்த வண்டி எங்கள் வாரிய அலுவலகத்துக்கு மட்டுமே ஓடும். உங்கள் பயணம் நியாயமாக அமைய வாழ்த்துகள்.”

பின்னால் வரிசையாக நின்ற வண்டிகளின் ஹாரன் காதைக் கிழித்தது. ஆஸ்பத்திரிப் பக்கம் வண்டியைத் திருப்பிப் பார்த்தான். அசையவில்லை. வாரிய அலுவலகம் இருந்த பக்கம் திருப்பினான். வெண்ணெயில் வழுக்கினாற்போல் ஓடியது.

“என்னடா சொல்றா இவ?” என்றாள் அக்கா.

“ஏதோ சந்தேகமாம்க்கா. வாரிய ஆபீஸ் போற வழிதானே. ஒரு கையெழுத்துப் போட்டுட்டு அஞ்சு நிமிஷத்துல கிளம்பிடலாம்.”

“என்ன சந்தேகம்? நான் என்ன கடத்தலா பண்றேன்?”

விளையாட்டாகத்தான் சொன்னாள். பாவம், வாரியத்தை அவளுக்குத் தெரியாது.

வாரியம் பிறந்த கதையைச் சொல்லிவிட வேண்டும். பெட்ரோல் காலத்தில் ஆளுக்காள் பெட்ரோல் போட்டார்கள், அதிலேயே வரியும் கட்டினார்கள், அந்த வரியில் ரோடு போட்டதாக அரசாங்கம் சொல்லிக்கொண்டது. பிறகு எல்லாரும் பேட்டரி வண்டிக்கு மாறினார்கள். பெட்ரோல் பங்குகளில் பூனை படுத்துத் தூங்கியது. வரி நின்றது, ரோடு குழி விழுந்தது. யார் எவ்வளவு ரோட்டைத் தேய்க்கிறார்களோ அவ்வளவு கட்டட்டும் என்றார்கள். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பிரிட்ஜ் மெக்கானிக்கே டீக்கடையில் உட்கார்ந்து, “சரிதானப்பா, நியாயம்தானே” என்று தலையாட்டியவன்தான். அதற்காகச் சாலை நியாயக் கட்டண வாரியம் என்று ஒன்றை உண்டாக்கினார்கள். வாரியம் கூடிக் கூடிப் பேசி, தூரத்தை மட்டும் பார்த்தால் நியாயமாகாது, கனத்தையும் பார்க்க வேண்டும் என்று கண்டுபிடித்தது. ஒவ்வொரு வண்டியிலும் சீட்டுக்கு அடியில் ஒரு பெட்டி வைத்தார்கள். வண்டியில் எவ்வளவு கனம் ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று அது நொடிக்கு நொடி பார்த்துக்கொண்டே இருக்கும். அதற்கு நியாயப் பெட்டி என்று பெயர்.

அக்காவின் கதை இதைவிடச் சின்னது. அவளுடைய இரண்டு கிட்னியும் வேலையை நிறுத்திவிட்டன. குடிக்கிற தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் உடம்பிலேயே தங்கிவிடும். வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் மெஷின் அதை உறிஞ்சி எடுத்தால்தான் அவளால் மூச்சு விட முடியும். ஒரு நாளைக்கே ஒரு சின்ன டம்ளர் அளவுதான் அவளுக்குத் தண்ணீர். அதை ஸ்பூனால் குடிப்பாள். சில நாள் ஐஸ் கட்டியை வாயில் அடக்கிக்கொண்டு, பேசாமல், சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். அம்மா போன பிறகு தம்பிக்குச் சோறு போட்டு, அடித்து, தொழில் கற்க அனுப்பி ஆளாக்கியவள் அவள். அதனால் வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த மூன்று நாளும் அவன் வண்டி அவளுக்குத்தான். அன்றைக்கு இரண்டு நாள் விடுமுறைக்கு அப்புறம் வருகிற முறை. கால் வீங்கிப் பளபளவென்று இருந்தது. மாடிப்படி இறங்குவதற்குள் நான்கு தரம் நின்று மூச்சு வாங்கினாள். பதினோரு மணிக்கு அவளுக்குப் படுக்கை. தவறினால் அடுத்து காத்திருக்கிறவருக்குப் போய்விடும். ஒரு முறை தவறினாலும் தண்ணீர் நுரையீரலுக்கு ஏறிவிடும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

வாரிய அலுவலகம் பெரிய கண்ணாடிக் கட்டடம். வாசலில் நியாய நுழைவாயில் என்று போட்டிருந்தது. உள்ளே நியாயக் கவுண்டர், நியாயக் காத்திருப்புக் கூடம், நியாய லிப்ட். லிப்ட் வேலை செய்யவில்லை. அதிலும் பாரபட்சம் கிடையாது, யாருக்குமே வேலை செய்யவில்லை.

கவுண்டர் அம்மா தலை நிமிராமல் கேட்டாள். “அந்த மூணு கிலோ எங்கே?”

“எந்த மூணு கிலோம்மா?”

“வாரத்துக்கு மூணு தரம் உங்க வண்டி ஒரு ஆஸ்பத்திரிக்குப் போகுது. போகும்போது ஒரு கனம். திரும்பும்போது மூணு கிலோ கம்மி. எல்லாத் தரமும் அதே மூணு கிலோ, கொஞ்சம் முன்னப்பின்ன. எதையோ ஏத்திட்டுப் போய் அங்கே இறக்கறீங்க. சரக்கு ஏத்தறதுன்னா சரக்குக் கட்டணம். இது ஆள் போற வண்டின்னு பதிவாயிருக்கு.”

பிரிட்ஜ் மெக்கானிக்குக்குப் புரிய ஒரு நிமிடம் பிடித்தது. புரிந்ததும் சிரிப்பே வந்துவிட்டது.

“சரக்கெல்லாம் இல்லம்மா. அக்காவுக்கு டயாலிசிஸ். உடம்புல சேர்ந்த தண்ணிய மெஷின்ல எடுத்துடறாங்க. அதான் மூணு கிலோ.”

கவுண்டர் அம்மா முதல் முறையாக நிமிர்ந்தாள். அவன் சிரிப்பு அப்படியே உறைந்தது.

“அப்போ தண்ணி ஏத்திட்டுப் போறீங்க.”

“இல்லம்மா, அது அவ உடம்புக்குள்ள—”

“எதுக்குள்ள வெச்சு ஏத்தினா என்ன? தண்ணி தண்ணிதானே.” கம்ப்யூட்டரில் விறுவிறுவென்று தட்டினாள். “தண்ணீர் லாரி வகை. வண்டி மேல ‘தண்ணீர்’னு ரெண்டு பக்கமும் பெருசா எழுதியிருக்கணும். எழுதல. வால்வு எங்கே?”

“வால்வா?”

“தண்ணி இறக்கறதுக்கு வால்வு வேணும்ல? தரையிலேர்ந்து அது எவ்வளவு உயரம்னு சொல்லணும்.”

அதுவரை பெஞ்சில் சாய்ந்திருந்த அக்கா எழுந்து வந்தாள். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் ஏற்றி, இடது கையைக் கவுண்டருக்குள் நீட்டினாள். ஊசி போடுவதற்காக ஆபரேஷன் செய்து ரத்தக்குழாய்களை ஒன்றாக இணைத்த இடம் கயிறு போலப் புடைத்திருந்தது.

“இதோ வால்வு. தொட்டுப் பாருங்க, ஓடறது தெரியும். பயப்படாதீங்க, ஒட்டிக்காது.”

கவுண்டர் அம்மா ஒரு விரலை வைத்தாள். உள்ளே விர்ரென்று அதிர்ந்தது. வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். ஆனாலும் கடமையில் குறை வைக்கக் கூடாதல்லவா? டேப்பை எடுத்துத் தரையிலிருந்து அந்தக் கை எவ்வளவு உயரம் என்று அளந்தாள். பிறகு டிராயரிலிருந்து ஒரு மஞ்சள் அட்டையை எடுத்து, கயிற்றால் அக்காவின் கையில் கட்டப் போனாள்.

“ஐயோ, அந்தக் கைல கட்டாதீங்க!” தம்பி போட்ட கூச்சலில் கூடமே திரும்பிப் பார்த்தது. “அந்தக் கைய இறுக்கினா அடைச்சுக்கும், அப்புறம் மெஷின்லயே போட முடியாது!”

அட்டையை வலது கையில் கட்டினார்கள். அதில் இப்படி எழுதியிருந்தது: கையகப்படுத்தப்பட்ட சரக்கு. விசாரணை முடியும்வரை இறக்கத் தடை.

“இது என்னம்மா அநியாயம்?”

“விசாரிக்கறதுக்கு முன்னாடி சரக்க இறக்கிட்டா அப்புறம் எதை விசாரிக்கறது? சாட்சியமே அதுதானே. மாடில நியாய அலுவலரப் பாருங்க.”

அவன் அக்காவின் கையைப் பிடித்து விடுவிடுவென்று வாசலுக்குக் கூட்டிப் போனான். வண்டி கிடந்துவிட்டுப் போகட்டும், டாக்ஸியில் போய்விடலாம். டாக்ஸியும் வந்தது. கதவைத் திறந்த டிரைவர் மஞ்சள் அட்டையைப் பார்த்தான், கதவைச் சாத்தினான்.

“அண்ணே, மன்னிச்சுக்குங்க. இவங்க ஏறினா என் வண்டியும் பூட்டிக்கும். பிள்ளைகுட்டிக்காரன்.”

வாட்ச்மேனும் குறுக்கே வந்து நின்றார். “அம்மாவ வெளிய விடக் கூடாதுங்க. அட்டைல போட்டிருக்கு. நீங்க வேணா போய்க்கலாம்.”

“நடந்தே போறோம்யா, வழிய விடு!”

“நடந்தா மட்டும்? சரக்கு வாசலத் தாண்டினா என் வேலை போயிடும்.”

போனில் டயாலிசிஸ் டெக்னீசியன் கூப்பிட்டார். “எங்க இருக்கீங்க? அடுத்த ஆள் வந்து உட்கார்ந்தாச்சு. மூச்சு எப்படி இருக்கு அக்காவுக்கு?”

“வந்துட்டே இருக்கோம் சார். கொஞ்சம் பிடிச்சு வைங்க சார், கும்பிட்டுக் கேக்கறேன்.”

மாடிக்கு ஏறிப் போக அக்காவால் முடியவில்லை. சக்கரம் வைத்த ஆபீஸ் நாற்காலி ஒன்றில் அவளை உட்காரவைத்து, அவனும் ஆபீஸ் பியூனுமாகப் படி படியாகத் தூக்கிப் போனார்கள். படி நெடுக அவள் வாய் மட்டும் ஓயவில்லை.

“ஏன்டா, உள்ள போகும்போது ஒரு கனம், வரும்போது ஒரு கனம்னா... இவங்க ஆபீஸ் கக்கூஸுக்கு மட்டும் பெட்டி வெக்கலையா?”

“பேசாதக்கா. மூச்ச மிச்சம் பிடி.”

நியாய அலுவலர் அருமையான மனிதர். உட்காரச் சொன்னார். மேஜையில் மணியடித்து, ஒரு பெரிய கண்ணாடி டம்ளர் நிறையக் குளிர்ந்த தண்ணீர் வரவழைத்து, அக்காவின் முன்னால் வைக்கச் சொன்னார்.

“குடிங்கம்மா. வாரியத்துக்கு வர்ற ஒவ்வொருத்தருக்கும் ஒரு டம்ளர் தண்ணி. எங்க மக்கள் நலச் சாசனத்துல முதல் வரியே அதுதான்.”

அக்கா அந்த டம்ளரைப் பார்த்தாள். தொண்டை ஒரு தரம் ஏறி இறங்கியது. உதடு வெடித்து வெள்ளையாக இருந்தது. தம்பிக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. டம்ளரை எட்டி மேஜையின் அந்தக் கோடிக்குத் தள்ளினான்.

“அவ தண்ணி குடிக்கக் கூடாது சார்.”

“ஆமாமாம், மறந்துட்டேன்” என்றார் நியாய அலுவலர் பதறிப்போய். “குடிச்சா சாட்சியம் கூடிடும்.”

பிரிட்ஜ் மெக்கானிக் கையைப் பிசைந்துகொண்டு கெஞ்சினான். பதினோரு மணிக்குப் படுக்கை, தவறினால் உயிருக்கே ஆபத்து, போய்விட்டு வந்து எத்தனை கையெழுத்து வேண்டுமானாலும் போடுகிறேன் என்றான். நியாய அலுவலர் எல்லாவற்றையும் கண்ணை மூடிக் கேட்டார். கண்ணில் ஈரம்கூட இருந்தது.

“உங்க கஷ்டம் எனக்குப் புரியுது. ஆனா கருணைங்கறது வேற துறை. எங்களோடது நியாயம். நான் உங்களுக்காக இரக்கப்பட்டேன்னு வைங்க, நாளைக்கு இரக்கப்பட வேண்டிய எல்லாரும் வந்து நிப்பாங்க. எத்தனை பேர்னு யோசிச்சீங்களா? பணக்காரன், ஏழை, நோயாளி, நோயில்லாதவன், எல்லாருக்கும் ஒரே மாதிரி தொல்லை கொடுக்கறோம். அதுல நான் ரொம்பக் கண்டிப்பு.”

“உங்க வண்டியிலயும் பெட்டி இருக்கா சார்?” என்று அக்கா கேட்டாள்.

“எனக்கெதுக்கும்மா? நான் சாலையப் பயன்படுத்தறதில்லையே, ஆய்வு செய்யறேன். காலைல ஆபீஸ் வரைக்கும் ஆய்வு, சாயங்காலம் வீடு வரைக்கும் ஆய்வு. லீவு நாள்ல குடும்பத்தோட ஆய்வு.” பெருமூச்சு விட்டார். “ஓய்வே கிடையாது.”

கடைசியில் தன்னால் முடிவு எடுக்க முடியாது, நல்லவேளையாக நியாயக் குழு இப்போதுதான் பக்கத்து அறையில் கூடியிருக்கிறது, நேராக அங்கேயே போய்விடலாம் என்றார். நல்லவேளை என்று அவர் சொன்னபோது மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது.

நியாயக் குழு நீள மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தது. தலைவர் நடுவில் இருந்தார். அவருக்கு வலது பக்கத்தில் கண்ணாடிக்காரர், இடது பக்கத்தில் குண்டானவர். அக்காவை நாற்காலியோடு மேஜையின் முனைக்குத் தள்ளி நிறுத்தினார்கள். அவளால் இப்போது சாய முடியவில்லை. சாய்ந்தால் மூச்சு முட்டியது. முன்னால் குனிந்து, மேஜையைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு மூச்சாக இழுத்தாள். நெஞ்சுக்குள் கொழகொழவென்று சத்தம் கேட்டது.

கண்ணாடிக்காரர் தொடங்கினார். “இதுல அடிப்படையான கேள்வி ஒண்ணு இருக்கு. போகும்போது மூணு கிலோ ரோட்டைத் தேய்க்குது. வரும்போது தேய்க்கல. அப்போ ரோட்டுக்கு ஒரு பக்கம் மட்டும் தேய்மானம். இப்படியே விட்டா ரோடு ஒரு பக்கமா சாய்ஞ்சுடாதா?”

எல்லாரும் கவலையோடு தலையாட்டினார்கள்.

“அதுக்கு முன்னாடி இன்னொண்ணு” என்றார் குண்டானவர். “இந்தத் தண்ணி வீட்டுக்குக் குழாய்ல வந்தது. குழாய்ல வந்த பொருளை ரோட்டுல ஏத்தறதுன்னா குழாய்க்காரங்க ஒப்புதல் வேணும். வாங்கியிருக்கீங்களா?”

“சார்,” என்றான் பிரிட்ஜ் மெக்கானிக். “நான் சாப்பிட்டுட்டு ஏறினாலும்தான் கனம் கூடும், பசியோட இறங்கினாலும்தான் குறையும். அதையெல்லாம் கேக்கறீங்களா?”

“ஒரு கிலோ வரைக்கும் நாங்க மன்னிச்சுடறோம்” என்றார் தலைவர் பெருந்தன்மையாக. “இது மூணு.”

“பாருங்க சார் அவள! மனுஷங்களா நீங்க? மூச்சு முட்டறது கண்ணுக்குத் தெரியலையா?”

தலைவர் கோபப்படவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு, பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்வது போல நிதானமாகச் சொன்னார். “தம்பி, நாங்க மனுஷங்களப் பார்க்கறதில்ல. கனத்தப் பார்க்கறோம். மனுஷங்களப் பார்க்க ஆரம்பிச்சா இவர் தெரிஞ்சவர், இவர் பாவம், இவர் வயசானவர்னு ஆயிரம் யோசனை வரும். கை நடுங்கும். இந்த வாரியத்துல இதுவரைக்கும் ஒருத்தர் கையும் நடுங்கினதில்ல.”

“ஒரு யோசனை” என்றார் கண்ணாடிக்காரர். “அவங்க சொல்றது நிஜம்தானான்னு தெரிஞ்சா போதும். இங்கேயே, நம்ம கண் முன்னாலயே, அந்த மூணு கிலோவ இறக்கச் சொல்லுங்களேன்.”

“இங்கே மெஷின் இல்லையே.”

“வாங்கலாம். டெண்டர் விட்டா ஒரு வருஷத்துல வந்துடும்.”

“அதுவரைக்கும் அம்மா காத்திருப்புக் கூடத்துலயே இருக்கலாம்” என்றார் குண்டானவர். “அங்கே பேன் புதுசு.”

மறுபடி போன் அடித்தது. டெக்னீசியன் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார். “இன்னும் எவ்வளவு நேரம்? பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வர்றதுக்குள்ள வந்துடுங்க. அப்புறம் என்னால ஒண்ணும் பண்ண முடியாது.” பிரிட்ஜ் மெக்கானிக் பதில் சொல்ல வாயெடுத்தான், அழுகைதான் வந்தது. இத்தனை பெரிய ஆள், அத்தனை பேர் முன்னால், சின்னப் பையன் மாதிரி விசும்பி அழுதான்.

தம்பி அழுதால் அக்காவுக்கு ஆகாது. சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். அவனை அழவைத்தவன் வீட்டு வாசலுக்கே போய் ஊரைக் கூட்டிவிட்டு வருவாள். இப்போதும் மேஜையை இரண்டு கையாலும் அழுத்தித் தலையைத் தூக்கினாள். முகம் நீலம் பாரித்திருந்தது.

“என்னய்யா... வேணும் உங்களுக்கு? மூணு கிலோதானே? திரும்பி வரும்போது... மூணு லிட்டர் தண்ணிக் கேன... மடியில வெச்சுட்டு... உட்கார்ந்துட்டு வரேன். போன கனமும் வந்த கனமும்... சரியாயிடும். போதுமா? வெட்கமா இல்ல? இப்ப என்னை விடுங்கய்யா!”

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிட்டாளே, இனி என்ன ஆகுமோ என்று பிரிட்ஜ் மெக்கானிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலைவரைப் பார்த்தான். தலைவர் கண்ணாடிக்காரரைப் பார்த்தார். கண்ணாடிக்காரர் குண்டானவரைப் பார்த்தார். மூன்று முகமும் கொஞ்சம் கொஞ்சமாக மலர்ந்தது.

“அம்மா,” என்றார் தலைவர், நெகிழ்ந்துபோய். “இத நீங்க காலைலயே சொல்லியிருக்கலாமே! எவ்வளவு நேரம் வீணாப் போச்சு, பாருங்க.”

“ரோடும் சாயாது” என்றார் கண்ணாடிக்காரர்.

“சார், அவ கோவத்துல—” என்று ஆரம்பித்த தம்பியின் தொடையில் அக்கா நறுக்கென்று கிள்ளினாள்.

ஆணை அங்கேயே தயாரானது. காலையிலிருந்து நகராத பேனாக்கள் இப்போது பறந்தன. ஒவ்வொரு முறையும் திரும்பி வரும்போது வாரியம் சீல் வைத்துத் தரும் மூன்று லிட்டர் கேனை நோயாளி மடியில் வைத்துக்கொண்டு வர வேண்டும். போகும்போது கேன் வண்டியில் ஏறக் கூடாது, ஏறினால் அதுவும் கனம். கேன் வாரியத்தின் சொத்து, சீலை உடைக்கக் கூடாது.

“வாரத்துக்கு மூணு கேன் சேருமே சார். திருப்பிக் கொண்டுவந்து கொடுத்துடலாமா?”

“எப்படிக் கொடுப்பீங்க? கொடுக்க வரும்போது கேன் இருக்கும், போகும்போது இருக்காது. மறுபடியும் மூணு கிலோ உதைக்குமே!” தலைவர் அவனுடைய அறியாமையைப் பார்த்துச் சிரித்தார். “வீட்டுலயே வெச்சுக்குங்க.”

மஞ்சள் அட்டையை அவிழ்த்தார்கள். எல்லாரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். பிரிட்ஜ் மெக்கானிக் ஒருத்தருக்கும் நன்றி சொல்லவில்லை. நாற்காலியிலிருந்து அக்காவை வாரித் தூக்கிக்கொண்டு படியிறங்கினான். வாசலில் வண்டி அவனைக் கண்டதும், “உங்கள் பயணம் நியாயமாக அமைய வாழ்த்துகள்” என்றது. அன்று அவன் ஓட்டிய வேகத்தில் ரோட்டில் எந்தக் குழியும் அவன் கண்ணில் படவில்லை. பின் சீட்டிலிருந்து வருகிற ஒவ்வொரு மூச்சையும் கேட்டுக்கொண்டே ஓட்டினான். ஒரு மூச்சுக்கும் அடுத்ததுக்கும் நடுவில் இடைவெளி நீண்டால், “அக்கா! அக்கா!” என்று கத்தினான்.

“உயிரோடதான்டா... இருக்கேன். ரோட்டப் பாரு.”

டெக்னீசியன் வீல்சேரோடு வாசலிலேயே நின்றார். அக்காவின் படுக்கை காலியாகவே இருந்தது. மெஷினில் கோளாறு, சரிபார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று எல்லாரிடமும் கூசாமல் புளுகி அதைப் பிடித்து வைத்திருந்தார். அடுத்து காத்திருந்த டெய்லருக்கு அது புளுகு என்று தெரியும். தெரிந்தும் அவர் நியூஸ் பேப்பரால் முகத்தை மறைத்துக்கொண்டு, “எனக்கென்ன அவசரம், மெஷின் சரியாகட்டும்” என்று உட்கார்ந்திருந்தார். ஊரிலேயே அன்று நடந்த ஒரே அநியாயம் அதுதான். அதனால்தான் அக்கா பிழைத்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து ஆபீஸ் பியூன் சைக்கிள் கேரியரில் கேனைக் கட்டிக்கொண்டு வேர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தான்.

“நீ மட்டும் ஏம்ப்பா சைக்கிள்?” என்று கேட்டான் பிரிட்ஜ் மெக்கானிக்.

“எங்க ஆபீஸ்ல சொந்த வண்டி வெச்சிருந்த எல்லாரும் வித்துட்டாங்கண்ணே. இந்தப் பெட்டியோட எவன் மல்லுக்கட்டறது?”

கேனை வைக்க இடமில்லாமல், டெக்னீசியன் அதை ஊசி மருந்து வைக்கிற பிரிட்ஜில் வைத்தார். போன மாதம் பிரிட்ஜ் மெக்கானிக்கே கேஸ் நிரப்பிச் சரிசெய்து கொடுத்த பிரிட்ஜ். நன்றாகவே குளிர்ந்தது.

சாயங்காலம் அக்கா தானாகவே நடந்து வந்து வண்டியில் ஏறினாள். முகத்தில் நீலம் போய், களைப்பு மட்டும் இருந்தது. அவள் உட்கார்ந்ததும் பெட்டி கீ கீ என்று கத்த ஆரம்பித்தது. தம்பி கேனைக் கொண்டுவந்து மடியில் வைத்தான். கத்தல் நின்றது.

“நன்றி. உங்கள் கனம் சரியாக உள்ளது. உங்கள் பயணம் நியாயமானது.”

வண்டி கிளம்பியது. மெஷினில் இருந்து வந்த நாளில்தான் தாகம் நாக்கை இழுக்கும். அக்கா கேனைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

“டேய்.”

“சொல்லுக்கா.”

“டயாலிசிஸ் முடிஞ்சா நான் எவ்வளவு கனம்?”

“அறுபது. ஏன்?”

“அப்போ இருபது கேன், இதோட சேர்த்து இருபத்தொண்ணு. ஒரு நாள் நான் திரும்பி வராமப் போனா, இருபத்தொரு கேன இந்த சீட்டுல அடுக்கிட்டு வந்துடு. இவ ஒண்ணும் கேக்க மாட்டா. பயணம் நியாயமானதுன்னு நன்றி சொல்லுவா.”

“வாயக் கழுவுக்கா!”

“எதுல கழுவறது? சீல் வெச்சிருக்கான்.”

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. கண்ணாடியில் அவளைப் பார்த்தபடி ஓட்டினான். குளிர்ந்த கேனின் வெளிப்பக்கம் முழுக்க முத்து முத்தாக வேர்த்திருந்தது. தம்பி பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு அக்கா உள்ளங்கையால் அதை மெல்ல வழித்து உதட்டில் தடவிக்கொண்டாள். இன்னொரு தரம் வழித்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

அவன் சட்டென்று ரோட்டின் பக்கம் திரும்பிக்கொண்டான். சீட்டுக்கு அடியில் பெட்டி ஏதாவது சொல்லப்போகிறதோ என்று காதைத் தீட்டிக்கொண்டு ஓட்டினான். வீடு வந்து சேரும்வரை அது ஒன்றும் சொல்லவில்லை.